சர்க்கரை நோயோடு கிளிமஞ்சாரோ ஏறலாமா?

நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். எழுதியவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

அவருக்கு வயது 51. திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, சென்ற ஆண்டு சேர்க்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மூன்றையும், அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.4. மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார். ஆண்டுக்கு இரண்டு முறை பர்வதமலை ஏறுகிறார். கூட வரும் இளைஞர்கள் உட்கார்ந்துவிடும் இடத்தில் தான் உட்காருவதில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெருமிதம் நியாயமானது.

இவருடைய தம்பி பத்து ஆண்டுகளாகத் தான்சானியாவில், டார் எஸ் சலாம் நகரத்தில் வேலை பார்க்கிறார். வரும் மே மாத விடுமுறையில் அக்காவைக் கிளிமஞ்சாரோவுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருக்கிறார். மராங்கு பாதையில் ஐந்து நாள் பயணம். தெரிந்தவர் மூலம் குறைந்த விலைக்குக் கிடைத்ததாம். போகும் வழியில் நைரோபியில் ஓர் இரவு தங்க வேண்டும். கணவருக்கு இதில் சம்மதமில்லை. மகள், “அம்மா, நீ போய்த்தான் ஆக வேண்டும்” என்கிறாள். சர்க்கரை நோய் இருப்பதை வழிகாட்டிகளிடம் சொன்னால் ஏறவிட மாட்டார்கள், அதனால் சொல்ல வேண்டாம் என்பது தம்பியின் யோசனை. “தலைவலி வந்தால் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாம், மூச்சு முட்டினால் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது” என்றும் அவர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சல்ஃபா மாத்திரையால் உடம்பில் தடிப்பு வந்திருக்கிறது. “டாக்டர், நான் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, ஒரே வார்த்தையில் சொல்ல இயலாது. இரண்டு வாக்கியத்தில் சொல்கிறேன். இந்த மே மாதம், இந்த ஐந்து நாள் திட்டத்தில், இந்த மாத்திரைகளோடு, நோயை மறைத்துக்கொண்டு போகக் கூடாது. பரிசோதனைகள் சரியாக இருந்து, மாத்திரைகளை மாற்றிக்கொண்டு, நாட்களைக் கூட்டி, நல்ல பருவத்தில் போவதானால் உங்களால் ஏற முடியும் என்றுதான் நினைக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த உச்சியில் நின்றிருக்கிறார்கள். நோய் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை, அது மலை நோய் (உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் உபாதை) வரும் வாய்ப்பைத் தனியாகக் கூட்டுவதில்லை. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பர்வதமலை எதற்குப் பயிற்சி, எதற்குப் பயிற்சி இல்லை

பர்வதமலையின் உயரம் 1,500 மீட்டரைக்கூடத் தொடாது. கிளிமஞ்சாரோவின் உஹுரு சிகரம் 5,895 மீட்டர். மராங்கு பாதையில் நீங்கள் நடக்கத் தொடங்கும் வாயிலே பர்வதமலை உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது. உங்கள் தொடைகளுக்கும் முழங்கால்களுக்கும் இதயத்துக்கும் பர்வதமலை நல்ல பயிற்சி. அதைக் கைவிடாதீர்கள். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் உடம்புக்கு வரும் சோதனை வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் பயிற்சி எடுக்க இடமே கிடையாது. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பங்கு குறைவதில்லை. உச்சியிலும் அது 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். கிளிமஞ்சாரோ உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறத்தாழப் பாதிதான். இதை ஈடுகட்ட உடம்பு வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். உடனே மூளை, “இவ்வளவு மூச்சு வேண்டாம்” என்று தடை போடும். அந்தத் தடையை நீக்கச் சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். எத்தனை பர்வதமலை ஏறியிருந்தாலும் சிறுநீரகத்தை அவசரப்படுத்த முடியாது.

இதனால்தான் உடற்கட்டு நல்ல நிலையில் இருப்பவர்களுக்கும் மலை நோய் வருகிறது. சொல்லப்போனால் அவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. கால் வலிக்காததால் வேகமாக ஏறிவிடுகிறார்கள். அங்குள்ள வழிகாட்டிகள் வழி நெடுக “போலே போலே”, அதாவது மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அவர்கள் பின்னால் நடங்கள், முந்தாதீர்கள். இளைஞர்களை முந்திப் பழகிய உங்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்து ஆண்டு தான்சானியாவில் இருப்பதால் அவருக்கு மலை பழகிவிடவில்லை. டார் எஸ் சலாம் கடலோர நகரம். உயரத்தைப் பொறுத்தவரை அவரும் உங்களைப் போலப் புதியவர்தான்.

ஐந்து நாள் ஏன் போதாது

மராங்கு பாதையில் கூடாரம் தேவையில்லை, மரக் குடில்களில் படுக்கை உண்டு. பாதையும் சீரானது. இதனால் அது எளிய பாதை என்று பெயர் எடுத்துவிட்டது. கால்களுக்கு அது எளிதுதான். ஐந்து நாள் திட்டத்தில் முதல் இரவு மண்டாரா குடிலில் 2,720 மீட்டரிலும், இரண்டாம் இரவு ஹொரோம்போவில் 3,720 மீட்டரிலும் தங்க வேண்டும். மூன்றாம் நாள் கிபோ குடில், ஏறத்தாழ 4,700 மீட்டர். அன்று நடு இரவிலேயே எழுந்து உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. இந்தத் திட்டம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் உங்களைக் கொண்டுபோகிறது. ஐந்து நாள் திட்டத்தில் போகிறவர்களில் பலர் உச்சியைப் பார்க்காமல் திரும்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. நாளைக் குறைத்தால் விலை குறையும். “குறைந்த விலைக்குக் கிடைத்தது” என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது லெமோஷோ பாதையில் எட்டு நாள். மேற்கிலிருந்து தொடங்கி ஷிரா மேட்டுநிலத்தில் இரண்டு இரவு தங்குவீர்கள். பிறகு ஒரு நாள் பகலில் லாவா டவர் என்ற இடம்வரை ஏறுவீர்கள். அது 4,600 மீட்டர் அளவில் இருக்கிறது. அன்றைக்கே இறங்கி 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே பரான்கோ முகாமில் தூங்குவீர்கள். பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கித் தூங்குவது உடம்பைப் பழக்கும் நல்ல முறை. அதன்பின் கரங்கா முகாமில் ஓர் இரவு, பிறகு பராஃபு முகாம், அங்கிருந்து உச்சி. இதிலும் சில நாட்கள் 500 மீட்டர் விதியை மீறத்தான் செய்கின்றன. ஆனாலும் ஐந்து நாளோடு ஒப்பிட்டால் மிக நல்லது. கூடாரத்தில் தூங்க முடியாது, குடில்தான் வேண்டும் என்றால் மராங்கு பாதையிலேயே ஹொரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டம் இருக்கிறது. உங்கள் நிலைக்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு முன்னால் பக்கத்திலுள்ள மேரு மலையில் ஏறி உடம்பைப் பழக்கிக்கொண்டால் மட்டும் அது பொருந்தும். மேருவின் உயரம் 4,562 மீட்டர்.

மாதமும் சரியில்லை. மார்ச் நடுவிலிருந்து மே இறுதிவரை அங்கே பெருமழைக் காலம். மழையில் ஊறிய காலுறையோடு நாள் முழுக்க நடப்பது சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கு நல்லதல்ல. நம் பள்ளி விடுமுறையும் அவர்கள் மழையும் ஒன்றாக வருவது துரதிர்ஷ்டம். காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு சில நாள் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துச் செப்டம்பர் கடைசியில் போக முடியுமா என்று பாருங்கள். அப்போது அங்கே வறண்ட பருவம். அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு செல்லத் துறையின் முன்அனுமதியும் வேண்டும். அதற்கும் இந்த இடைவெளி உதவும்.

உங்கள் மாத்திரைகள்

இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான். கீழே சொல்வதை உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போய்ப் பேசுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

முதலில் டாபாகிளிஃப்ளோசின். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து இது. ஊரில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நன்றாக வேலை செய்யும். மலையில் பசி செத்துப்போகும், உடல் உழைப்பு பல மடங்கு கூடும், தண்ணீர் குறையும். அந்த நிலையில் இந்த மருந்து ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர வழி செய்யலாம். குளுக்கோமீட்டர் 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அமிலநிலை ஏறிக்கொண்டிருக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். பார்க்கிறவர்கள் மலை நோய் என்றே நினைப்பார்கள். போதாததற்கு டயமாக்ஸும் ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும் மருந்து. ஏற்றம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நாள் முழுக்க ஏறி, இரவில் இரண்டு வாய் சூப்போடு படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை தடாலென்று இறங்கும். அளவைக் குறைப்பதா, அல்லது சர்க்கரையைத் தாழவிடாத சிட்டாக்ளிப்டின் போன்ற ஒன்றுக்கு மாற்றுவதா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். மாற்றத்தைப் பயணத்துக்கு முந்தின வாரம் செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே மாற்றி, அந்தப் புதிய மருந்தோடு இரண்டு முறை பர்வதமலை ஏறிச் சர்க்கரை எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்து வையுங்கள்.

மெட்ஃபார்மினைத் தொடரலாம். வாந்தி எடுத்தாலோ உணவும் தண்ணீரும் இறங்காவிட்டாலோ அன்று அதை நிறுத்த வேண்டும். டெல்மிசார்ட்டானும் அப்படியே. உயரத்தில் முதல் சில நாள் ரத்த அழுத்தம் சற்றுக் கூடும், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் உடம்பு வறண்டுபோனால் இதே மாத்திரை அழுத்தத்தை அளவுக்கு மேல் இறக்கிச் சிறுநீரகத்துக்கும் சிரமம் தரும்.

மலையில் சர்க்கரையைச் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள். 150, 180, 200 என்று இருந்தால் கவலை இல்லை. எட்டு நாள் சர்க்கரை கூடியிருப்பதால் உங்களுக்கு எதுவும் ஆகிவிடாது. பனியில், இருட்டில், 5,500 மீட்டரில் அது 50-க்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிரில் குளுக்கோமீட்டரும் அதன் பட்டைகளும் தவறாகக் காட்டும். இரண்டு கருவி எடுத்துப்போய் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கடலை மிட்டாய் எடுத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நடைக்கு அது அருமையான தின்பண்டம். ஆனால் சர்க்கரை இறங்கிய நேரத்தில் அது உதவாது. கடலையின் கொழுப்பு வெல்லம் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் பொடி வேண்டும். உங்கள் பையில் ஒன்றும் வழிகாட்டியின் பையில் ஒன்றும் இருக்கட்டும்.

டயமாக்ஸ், சல்ஃபா, ஆக்சிஜன்

டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு வலி மாத்திரை அல்ல. நான் மேலே சொன்ன பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகத்துக்கு விரைவுபடுத்தித் தருவதுதான் அதன் பணி. ஆகவே தலைவலி வந்தபின் போடலாம் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. உயர ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளே, வழக்கமாக 125 மில்லிகிராம் காலை ஒன்று மாலை ஒன்று என்று ஆரம்பிப்பார்கள். விரல் நுனிகளில் மதமதப்பும், அடிக்கடி சிறுநீர் போவதும் இயல்பு. சர்க்கரை நோயாளிகள் அந்த மதமதப்பை நரம்புக் கோளாறு என்று எண்ணிப் பயப்படுவதுண்டு. மாத்திரையை நிறுத்தினால் அது போய்விடும்.

சல்ஃபா ஒவ்வாமை பற்றிச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். டயமாக்ஸும் சல்ஃபா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக்கில் தடிப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் அசிட்டசோலமைடு ஒத்துக்கொள்ளாது என்பதில்லை. ஒன்றின் ஒவ்வாமை மற்றதையும் இழுத்துவிடும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு வந்தது வெறும் தடிப்பா, அல்லது முகம் வீங்கி மூச்சு திணறியதா, வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்ததா என்பதுதான் கேள்வி. பின்னவை நடந்திருந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாது. வெறும் தடிப்புதான் என்றால், மருத்துவரின் கண்காணிப்பில் ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மலையில் போய் முதல் முறை போடக் கூடாது. டயமாக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பயணமே முடியாது என்று பொருளில்லை. நாட்களை இன்னும் கூட்டினால் போதும். டெக்சாமெத்தசோன் என்ற மாற்று மருந்தை யாராவது சொல்வார்கள். அது ஸ்டீராய்டு, உங்கள் சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய்விடும். மூளை வீக்கம் வந்தால் உயிர் காக்க மட்டுமே உங்களுக்கு அது.

ஆக்சிஜன் சிலிண்டர் இறங்குவதற்கானது. ஆபத்தில் இருப்பவருக்கு ஆக்சிஜன் கொடுத்தபடியே கீழே கொண்டுவருவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது, வரப்போகும் நோயை மறைத்துக்கொண்டு மேலும் உயரத்துக்குப் போவதாகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். அங்கே நல்ல நிலையில் இருப்பவருக்கும் எண்பதுகளில்தான் எண் காட்டும். குளிர்ந்த விரலில் அது இன்னும் தவறும். ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மறைக்கலாமா?

கூடாது. தம்பி அன்பில் சொல்லியிருக்கிறார், ஆனால் இது உங்கள் உயிரோடு விளையாடும் யோசனை. காரணத்தைச் சொல்கிறேன்.

மலை நோயில் தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல் வரும். முற்றினால் தள்ளாட்டமும் குழப்பமும். சர்க்கரை இறங்கினாலும் தலைவலி, சோர்வு, தள்ளாட்டம், குழப்பம்தான். உடல் குளிர்ந்து உறைகிற நிலையிலும் இதேதான். நீங்கள் உளறத் தொடங்கும் நேரத்தில் உங்களால் விளக்கம் சொல்ல முடியாது. நோய் தெரிந்த வழிகாட்டி உடனே வாயில் குளுக்கோஸ் கொடுப்பார். கால் மணி நேரத்தில் தெளிந்தால் அது சர்க்கரை. தெளியவில்லை என்றால் மலை நோய் என்று வைத்துக் கீழே இறக்குவார். நோய் தெரியாத வழிகாட்டி எதைச் செய்வார்? கிளிமஞ்சாரோவில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏறப் பூங்கா விதி இடம் தருவதில்லை. அந்த வழிகாட்டியிடமே உண்மையை மறைத்தால் அவர் கூட வருவதன் பயன் என்ன? சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் நல்ல நிறுவனங்கள் மறுப்பதில்லை. மருத்துவரின் கடிதம் கேட்பார்கள், கொடுங்கள். கேட்ட மாத்திரத்தில் மறுக்கிற, அல்லது எதையுமே கேட்காத நிறுவனம் உங்களுக்கு வேண்டாம்.

காப்பீட்டிலும் இதே கதை. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயர மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கும். 6,000 மீட்டர்வரை மலை நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்திருந்தால், பின்னால் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும். அந்தச் செலவு ஓர் ஆசிரியர் குடும்பம் தாங்கக்கூடியதல்ல.

குறைந்த விலை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களோடு ஏறும் சுமைதூக்கிகளின் உணவிலும் கூலியிலும் உடுப்பிலும் கைவைத்துத்தான் பல நேரம் விலை குறைக்கப்படுகிறது. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது விதி. அவர்களுக்கும் மலை நோய் வரும், அவர்களும் குளிரில் விறைப்பார்கள். சுமைதூக்கிகளின் நலனுக்காக 2003 முதல் இயங்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டத்தின் பங்குதாரர் பட்டியலில் உள்ள நிறுவனமா என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். தன் ஆட்களைப் பட்டினி போடுகிற நிறுவனம் உங்கள் உடல்நலத்தைக் கவனிக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

எப்போது திரும்புவது

உச்சிக்கு ஏறும் இரவு நடுநிசி வாக்கில் தொடங்கும். காற்றோடு சேர்ந்து குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, இருபது டிகிரிவரை போகும். பராஃபுவிலிருந்து ஏறுகிறவர்கள் விடியும் நேரத்தில் எரிமலைப் பள்ளவாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயிண்டை அடைவார்கள். அங்கிருந்து உஹுரு சிகரம் இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு அன்றே 3,100 மீட்டர் உயரத்திலுள்ள முகாம்வரை இறக்கம். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத நாள். அந்த இருட்டில் உட்கார்ந்து, “இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறோமே, தம்பி என்ன நினைப்பான்” என்று யோசித்து எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது. வீட்டிலிருக்கும்போதே எடுத்து, தாளில் எழுதி, தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் இவை இருக்கட்டும்:

தலைவலியோடு குமட்டலோ சோர்வோ இருந்தால் அன்று மேலே ஏறுவதில்லை. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்குவது.

குதிகாலும் கால்விரலும் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி நடக்கத் தள்ளாடினால், பேச்சு குழறினால், அது மூளை வீக்கமாக இருக்கலாம். விடியக் காத்திருக்காமல் இறங்குவது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சில் களகளவென்று சத்தம் வந்தால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அப்போதும் உடனே இறங்குவது.

இரண்டு வேளை வாந்தி எடுத்தால், அல்லது சர்க்கரை 70-க்குக் கீழே இரண்டு முறை போனால், உச்சி முயற்சி அத்தோடு முடிந்தது.

வழிகாட்டி “போதும்” என்றால் வாதாடுவதில்லை.

உங்கள் இருவருக்கும் குறைந்தது இரண்டு வழிகாட்டிகள் வேண்டும் என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் உங்களோடு இறங்கினால் இன்னொருவர் தம்பியோடு போகலாம். இப்படி ஏற்பாடு இல்லாத குழுக்களில்தான், மற்றவர் பயணம் கெடக் கூடாதே என்று நோயாளி வாய்மூடி நடக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் இதில் தேர்ந்தவர்கள். காய்ச்சலோடு சமைத்துப் பழகிய பொறுமையை அந்த மலையில் காட்டாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

விழித்திரைப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். உயரத்தில் நல்ல கண்ணிலேயே சிறு ரத்தக் கசிவுகள் வருவதுண்டு. சர்க்கரையால் உங்கள் விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், சிகிச்சை முடியும்வரை மலை வேண்டாம். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும், இதயத்துக்கு இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் பரிசோதனையும் எடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லாமலே இதய அடைப்பு இருக்கலாம் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். ஹீமோகுளோபின் பாருங்கள். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான். பாதத்தில் தொடு உணர்வு குறைந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் கொப்புளமும் குளிர்ப்புண்ணும் வந்தது தெரியாமலே நடப்பீர்கள். காலணியை இரண்டு மாதம் முன்பே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே கிரிவலம் அல்லாத நாட்களில் நடந்து பழகுங்கள்.

நைரோபியில் ஓர் இரவு தங்குவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். கென்யா அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வருபவர்களிடம் தான்சானியா சான்று கேட்கும். சான்று இல்லாமல் அந்த வழியாக ஊர் திரும்பினால் இந்தியாவிலும் தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். நைரோபியில் தங்காத டிக்கெட் கிடைக்குமா என்றும் பாருங்கள். மலையடிவார ஊரான மோஷியிலும் டார் எஸ் சலாமிலும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை கேளுங்கள், ஆனால் மெஃப்ளோகுயின் வேண்டாம். அது தரும் தலைசுற்றலும் மலை நோயும் ஒன்றுபோல இருக்கும்.

பரிசோதனையில் ஏதாவது தடை வந்தால் மலையை முற்றாக விட வேண்டியதில்லை. மராங்கு வாயிலிலிருந்து மழைக்காட்டின் ஊடாக மண்டாரா குடில்வரை ஒரே நாளில் போய்த் திரும்பலாம். உடல் இடம் கொடுத்தால் ஹொரோம்போவில் இரண்டு இரவு தங்கி, கிபோ, மவென்சி என்ற இரு சிகரங்களையும் எதிரில் பார்த்துவிட்டு இறங்கலாம். என்னைக் கேட்டால், உச்சியை எண்ணாமல் போகிறவர்களுக்கு அந்த மலையின் மிக அழகான பகுதி அதுதான்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள், “பயந்த சுபாவம்” என்று. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பரிசோதனை முடிவுகளோடு மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். எழுதி வைக்கும் அந்தத் தாளில் தம்பியின் கையெழுத்துக்குக் கீழே அவருக்கும் ஓர் இடம் விடுங்கள்.